மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஓர் அதிகாரி

மாவடிக்கோட்டை ராஜா கண்டிராயருக்கு இரண்டு விஷயம் பிடிக்காது. ஒன்று பாகற்காய். இன்னொன்று லஞ்சம். பாகற்காயை அரண்மனையில் ஒழித்துவிட்டார். லஞ்சம்தான் ஒழிய மாட்டேன் என்றது, அதிலும் சுங்கச்சாவடியில்.

அந்தச் சாவடியில் ஒரு பழைய வழக்கம். வியாபாரி வரியை உண்டியலில் போட்டுவிட்டு, சரக்கை அதிகாரியின் முன்னால் இறக்கி வைக்க வேண்டும். அதிகாரி மறுத்து ஒன்றும் சொல்லாவிட்டால் சரக்கு ஊருக்குள் போகலாம். சட்டம் அவ்வளவுதான். ஆனால் வந்த அதிகாரிகள் எல்லாருமே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்ஹூம், சரியில்லையே" என்று இழுப்பார்கள். மடியில் ஏதாவது விழுந்தால்தான் செருமல் நிற்கும். விழுந்ததில் பாதி மந்திரி அனந்தப்பர் வீட்டுக்குப் போகும். இது ராஜாவைத் தவிர ஊருக்கே தெரியும்.

ஒருநாள் ராஜா சபையில் அலுத்துக்கொண்டார். "கை நீட்டாத ஓர் ஆள் என் ராஜ்யத்தில் கிடையாதா?"

"நம்ம பிச்சாண்டாரைக் கேளுங்கள் மகாராஜா" என்றார் மந்திரி. "அவருக்குத் தெரியாத ஆளா?"

பிச்சாண்டார் சபையில் விகடம் பேசுகிறவர். மந்திரி வீட்டு மாடி வருஷா வருஷம் வளர்வதைப் பற்றி ஏதோ சொல்லி, போன வாரம் சபையையே சிரிக்க வைத்திருந்தார். மந்திரிக்கு அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"இருக்கிறார் மகாராஜா. நாளைக்கே உட்கார வைக்கிறேன்" என்றார் பிச்சாண்டார்.

"அவரும் வாங்கினால்?" என்று கேட்டார் மந்திரி.

"பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டே போய்விடுகிறேன்."

"வாங்கின கையை நான் வெட்டுவேன்" என்றார் ராஜா.

"தாராளமாக வெட்டுங்கள்."

பிச்சாண்டாரின் மனைவி விஷயம் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறது?" பிச்சாண்டார் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

விடிந்து பார்த்தால் சாவடியில் புது அதிகாரி. யாரும் கிட்டே போகாதபடி முன்னால் ஒரு மூங்கில் தட்டி. பெரிய தலைப்பாகை, கழுத்திலிருந்து தரை வரைக்கும் சால்வை, உருட்டு விழி. பேசவில்லை. அசையவில்லை. எதிரே நிற்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அவர் அதிகாரிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் செருமவும் இல்லை. சரக்கெல்லாம் தடையில்லாமல் உள்ளே போயிற்று. உண்டியல் நிரம்பியது. மந்திரிக்குத்தான் தூக்கம் போயிற்று.

மந்திரிக்கு ஒரு மச்சினன், சூரியப்பன் என்று பெயர். வேறு வேலைவெட்டி கிடையாது. அவனைச் சாவடிக்கு முந்தின திருப்பத்தில் ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தார் மந்திரி. அவன் வண்டிகளை மறித்து, "புது ஐயா ரொம்பக் கோபக்காரர். நான் உள்ளே சொல்லி வைக்கிறேன்" என்பான். வாங்குவான். அந்த வண்டியைச் சாவடியில் யாரும் தடுக்க மாட்டார்கள். சூரியப்பன் சொன்னால் சொன்னதுதான் என்று வியாபாரிகளுக்கு அவன்மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது. அவனோ சாவடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மாதம் முடிந்ததும் மந்திரி சாட்சிகளோடு சபைக்கு வந்தார்.

வெண்ணெய்க்காரி அங்கம்மா முதலில் சொன்னாள். "ஆமாம் சாமி, ஐயாவுக்குன்னு பானை பானையா வெண்ணெய் குடுத்தேன். என் பிள்ளைக்குக்கூட ஒரு வாய் வைக்கலை." சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்" என்றான் சூரியப்பன். "என் கையாலேயே, அவர் வலது கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினார்."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிச்சாண்டாரே, மூட்டை கட்டும். அந்த அதிகாரியை இழுத்து வாருங்கள். வாளும் வரட்டும்."

அதிகாரி மாட்டு வண்டியில் வந்தார். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து சபை நடுவில் வைத்தார்கள்.

"ராஜாவைப் பார்த்துக் கும்பிடக்கூட மாட்டாரா?" என்றார் மந்திரி.

"கும்பிடத்தான் ஆசை" என்று சொல்லிப் பிச்சாண்டார் சால்வையை உருவினார்.

உள்ளே இருந்தது கருங்கல். சிவன் கோயில் வாசலில் காவல் நின்ற சிலை. இடி விழுந்து உடைந்து பின்னமாகிவிட்டதால் கோயில்காரர்கள் அதைக் குளத்தங்கரையில் போட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இல்லை. தோளுக்குக் கீழே இரண்டு கையும் இல்லை.



"சூரியப்பா," என்றார் ராஜா மெதுவாக, "வலது கையிலா கொடுத்தாய்?"

சூரியப்பன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"வெட்டுவதற்கு இவரிடம் கை இல்லை மகாராஜா" என்றார் பிச்சாண்டார். "வாங்கின கை வேறு எங்கேயோ இருக்கிறது."

வாள்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். சூரியப்பன் மந்திரியைப் பார்த்தான். "அத்தான், பாதி உங்களுக்குத்தானே வந்தது. நான் மட்டும் எப்படி?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. பிச்சாண்டாருக்குத் தன் முத்து மாலையைக் கழற்றிப் போட்டார். கையை வெட்ட வேண்டாம், அந்த நாலு கைகளும் இனிமேல் சாவடியில் மூட்டை இறக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வாங்கினதெல்லாம் கொடுத்தவர்களுக்குத் திரும்பிப் போயிற்று. பிச்சாண்டாரின் மனைவி கட்டின மூட்டையை அவிழ்த்தாள்.

"சிலையே அதிகாரியாக இருக்கட்டும்" என்றார் ராஜா. "கல் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. இனிமேல் எவன் லஞ்சம் கொடுப்பான்?"

"போய்ப் பார்த்துவிடுவோமே" என்றார் பிச்சாண்டார்.

மறுநாள் காலையில் இருவரும் சாவடிக்குப் போனார்கள். மூங்கில் தட்டி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அங்கம்மா எக்கி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு வெண்ணெய் உருண்டை.

"ஏனம்மா, இது கல் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ராஜா.

"தெரியும் சாமி. எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

"வாங்கிக்கொள்ள இதற்குக் கைகூட இல்லையே?"

"அதான் சாமி, வாயிலேயே வச்சிடறேன்."