கரும்பாறை வளைவும் நெட்டைக்காது முயலும்

ஒரு காட்டில் நாய்களுக்கு ஓட்டப் பந்தயம் நடந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும், பிள்ளைகளே. அந்தக் காடே அந்தப் பந்தயத்தை வைத்துத்தான் பிழைத்தது.

ஆண்டுதோறும் பனி விலகியதும் பந்தயம் தொடங்கும். அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து விலங்குகள் கூட்டம் கூட்டமாக வரும். அணில் வறுத்த கடலை விற்கும். கரடி தேன் விற்கும். கழுதை எல்லாருக்கும் தண்ணீர் சுமக்கும். அந்த வரும்படியில்தான் கோடை முழுவதும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

பந்தயம் எப்படி என்கிறீர்களா? வைக்கோலில் முயல் மாதிரி ஒரு பொம்மை செய்வார்கள். பருந்து அதைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு பறக்கும். ஒட்டிய வயிறும் நீளக் காலுமாக வேட்டை நாய்கள் அதைத் துரத்தும். பொம்மை எந்தப் பக்கம் போகிறதோ, நாயும் அந்தப் பக்கமே போகும். ஓடும்போது அதற்கு வேறு நினைப்பே கிடையாது.

தொல்லை ஒரே இடத்தில்தான். பாதி வழியில் கரும்பாறை வளைவு என்று ஒன்று இருந்தது. பாறையை ஒட்டி ஒரே சரளைக் கல். அதில் வேகமாகத் திரும்பினால் கால் வழுக்கும். போன ஆண்டு செவலை என்ற பெண் நாய் அங்கே விழுந்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டது. அதோடு அதன் கூழும் போயிற்று. ஓடுகிற நாய்க்குத்தான் பொதுப்பானைக் கூழ் என்பது அங்கே வழக்கம். நாசமாய்ப் போன வழக்கம்!

இந்த ஆண்டு செவலையின் தங்கை மயிலை ஓட வேண்டும்.

"நீ ஓடாதே, மயிலை. என் கதியைப் பார்த்தாய் அல்லவா?" என்றது செவலை.

"ஓடாமல் இருந்தால் எனக்குச் சோறு தண்ணி இறங்காது, அக்கா. ஓடத்தான் ஆசை. அந்த வளைவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது."

"அப்படியானால் பந்தயமே வேண்டாம், நிறுத்திவிடுவோம்!" என்றன மற்ற நாய்கள்.

"ஐயையோ!" என்று அணில் மரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தது. "நிறுத்திவிட்டால் கோடையில் என் பிள்ளைகள் வாயில் மண்ணையா போடுவேன்?"

அதுவும் நியாயம்தானே? பந்தயமும் நிற்கக் கூடாது, தங்கையின் காலும் ஒடியக் கூடாது. செவலை நொண்டி நொண்டிப் பந்தயத் தலைவரிடம் போயிற்று.

தலைவர் யார் தெரியுமா? நெட்டைக்காது முயல். புற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு கட்டளை போடுவார். தடத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனால் தன் வேகத்தைப் பற்றி அவர் அளக்கிற அளப்பு இருக்கிறதே, அப்பப்பா!

"தலைவரே, வளைவுக்கு வெளிப்பக்கம் நல்ல மணல் இருக்கிறது. பொம்மையை அந்தப் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். நாங்களும் அந்தப் பக்கமே திரும்பிவிடுவோம்" என்றது செவலை.

"என் பாட்டனார் போட்ட தடத்தையா மாற்றச் சொல்கிறாய்? ஓடத் தெரியாதவள் தடம் கோணல் என்றாளாம்!" என்றார் முயலார்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். செவலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கால் ஒடிந்தபோது கூட அவ்வளவு வலிக்கவில்லை. ஆனாலும் அது அழுகையை விழுங்கிக்கொண்டது.

"சரிதான், தலைவரே. உங்கள் பாட்டனார் காலத்தில் பொம்மையே கிடையாதாமே? அவரே முன்னால் ஓடுவாராம். எந்த நாயாலும் கிட்டே நெருங்க முடியாதாம். அந்த வேகமெல்லாம் இப்போது யாருக்கு இருக்கிறது!"

முயலாரின் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. "யாருக்கு இருக்கிறதா? நாளைக்கு நானே ஓடுகிறேன், பார். பருந்து ஓய்வு எடுக்கட்டும். ஆனால் ஒன்று, யாரும் கடிக்கக் கூடாது!"

"பொதுப்பானை மேல் சத்தியம்!" என்றன நாய்கள்.

மறுநாள் காடே திரண்டு நின்றது. முயலார் பாய்ந்தார். நாய்கள் பின்னால் பாய்ந்தன. சும்மா சொல்லக் கூடாது, முயலார் நன்றாகவே ஓடினார். கரும்பாறை நெருங்கியது. சரளைக் கல் பல்லை இளித்துக்கொண்டு கிடந்ததை அவர் கண்டார். பாட்டனாராவது, பூட்டனாராவது! சட்டென்று வெளிப்பக்க மணலில் இறங்கி வளைந்து ஓடினார்.

நாய்களும் அவர் பின்னாலேயே மணலில் வளைந்தன. ஒரு நாய் கூட விழவில்லை. எல்லாம் கடைசி வரைக்கும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடி வந்தன. மூக்கு நுனி வித்தியாசத்தில் மயிலை வென்றது. இப்படி ஒரு பந்தயத்தை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

மூச்சு வாங்க நின்ற முயலாரிடம் செவலை போயிற்று. "தலைவரே, பாட்டனார் தடத்தை விட்டுவிட்டு மணலுக்கு ஏன் போனீர்கள்?"

"பின்னே? அந்தச் சரளையில் திரும்பினால் என் கால் ஒடிந்து போகாதா?" என்றார் முயலார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மயிலை சும்மா இருக்குமா? "ஓடத் தெரிந்தவருக்கும் தடம் கோணல்தானா, தலைவரே?" என்றது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முயலாரின் காதுகள் தொங்கிப் போயின. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கோணல்தான் அம்மா, கோணலேதான்! நாளை முதல் பொம்மை மணல் பக்கமாகவே போகட்டும்" என்றார்.

அன்று மாலை பொதுப்பானையில் கூழ் கொதித்தது. கடலை எல்லாம் விற்றுத் தீர்ந்த மகிழ்ச்சியில் அணில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிய நாய்கள் சட்டியோடு வரிசையில் நின்றன. செவலை வழக்கம் போலத் தள்ளிப் படுத்திருந்தது.

முயலார் அகப்பையோடு எழுந்து வந்தார். வரிசையைத் தாண்டிப் போய் முதல் அகப்பைக் கூழைச் செவலையின் சட்டியில் ஊற்றினார்.

"ஓடி ஓய்ந்த கால்களுக்கும் இனி இந்தப் பானையில் பங்கு உண்டு. சூடாக இருக்கிறது, ஊதிக் குடி" என்றார்.

நீதி: பிறரை ஓடச் சொல்லும் பாதையில் நீயும் ஒருமுறை ஓடிப் பார், பிழைப்பை நிறுத்தாமலே பிழையைத் திருத்தலாம்.