இரண்டு முறை நின்ற எஞ்சின்

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கன்று நர்சரி வைத்திருந்தார். அவருக்கு மேடுபள்ளத்தில் தாவி ஓடும் டர்ட் பைக்கை ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜெரால்டினுக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் மண் பாதையில் அவள் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு.

ஒரு சனிக்கிழமை காலை, வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு வந்து இறங்கினார். வாங்கிய மூன்று மாதத்தில் எஞ்சின் இரண்டாவது முறையாக இறுகி நின்றுவிட்டது.

"டீலர் வாரண்டி தரமாட்டேங்கிறான், கோச். தூசியில ஓட்டி நீங்களே கெடுத்துட்டீங்கன்னு போன தடவை நான் காசு கொடுத்து ரிப்பேர் பண்ணப்ப சொன்னதையே சொல்றான். பிரிச்சுக்கூடப் பார்க்கல. ஷோரூமே அதிர்ற மாதிரி கத்திட்டு வந்தேன். இவனுங்களை எப்படி ஒத்துக்க வைக்கிறது?"

ஜெரால்டின் தன் நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

"முதல் தடவை ஏன் நின்னுச்சுன்னு ஒண்ணுல எழுதுங்க. இந்தத் தடவை ஏன்னு இன்னொண்ணுல."

நாச்சிமுத்து லாரியின் மேலேயே தாளை வைத்து எழுதினார். இரண்டாவது தாள் மளமளவென்று நிறைந்தது. ஃபில்டரை எந்தெந்தத் தேதியில் சுத்தம் செய்தார், எப்போது ஆயில் மாற்றினார், எல்லாமே இருந்தது.

"முதல் தாள் காலியா இருக்குங்களே, அண்ணா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஃபில்டரைக் கழுவி, தூசியைப் பிடிக்கிற ஆயிலைத் தடவாம மாட்டிட்டேன். தூசி உள்ள போயிருச்சு. டீலர்கிட்ட கம்பெனிக் கோளாறுன்னு சொல்லிட்டேன்."

"அதையும் எழுதுங்க. ரெண்டையும் கொண்டுபோய்க் கொடுங்க."

"கொடுத்தா நான் தோத்துருவேன், கோச்."

"இருக்கட்டும். கொடுங்க."

திங்கட்கிழமை ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் அஷ்ரஃப் முதல் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, சார்!"

நாச்சிமுத்துவுக்குக் காது சூடேறியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ஆமாங்க. அது நான் செஞ்சது. இப்பப் பிரிச்சுப் பாருங்க, இதையும் நான் செஞ்சேனான்னு."

அஷ்ரஃபின் சிரிப்பு நின்றது. இரண்டாவது தாளையும் எடுத்துப் படித்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை மெக்கானிக் வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஆயில் போகும் துளையில் மெல்லிய கம்பியை விட்டார். பாதியில் தட்டியது. இடுக்கியால் கவ்வி இழுத்தபோது அரிசி அளவில் ஓர் இரும்புத் துணுக்கு வந்தது. தொழிற்சாலையிலேயே உள்ளே தங்கிவிட்ட துணுக்கு.

அஷ்ரஃப் அதை உள்ளங்கையில் வாங்கி, தானே படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்.

"இது எங்க தப்பு, சார். முதல்லயே பிரிச்சிருக்கணும். புது எஞ்சின் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

மூன்றாவது வாரம் புது எஞ்சின் பொருத்திய வண்டி வந்து சேர்ந்தது. அன்றைக்கே நாச்சிமுத்து திடலில் இறங்கினார். ஒரே உதையில் எஞ்சின் உறுமியது. இரண்டு சுற்று பொறுமையாக ஓட்டினார். மூன்றாவது சுற்றில், இதுவரை ஒரு தடவைகூடத் தாண்டாத பெரிய மேட்டை நோக்கி ஆக்சிலரேட்டரைத் திருகினார். வண்டி எழும்பியது. மேட்டுக்கு அப்பால் இரண்டு சக்கரமும் சேர்ந்து மண்ணைத் தொட்டன. ஓரத்தில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். ஹெல்மெட்டுக்குள் அவர் வாய்விட்டுக் கூவியது அவருக்கே கேட்டது.

உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து ஜெரால்டின் முன்னால் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"கோச், துணுக்கு கிடைக்காம போய், கம்பெனியும் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் இன்னைக்கு இந்த மேட்டைத் தாண்டியிருப்பீங்கண்ணா," என்றாள் அவள். "என் வண்டியில."