மடலுக்கு வந்த பதில்கள்

மடத்து மாத மடலை நாலு பக்கத்திலிருந்து இரண்டாகக் குறைப்பது என்று முடிவானதிலிருந்து சிதம்பரதாணுவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர் அவர். மடலை எழுதி, அச்சடித்து, மடித்துக் கொடுப்பதெல்லாம் அவர் பொறுப்பு. முதல் இரண்டு பக்கமும் அவருடைய கட்டுரைதான். வெட்டு அதில் விழுந்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்து நினைத்து மறுகினார்.

வாசகர்களையே கேட்டுவிடலாம் என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கட்டுரை வேண்டுமா, பதிகத்துக்கு உரை வேண்டுமா, கை வைத்தியம் வேண்டுமா, சமையல் குறிப்பு வேண்டுமா? பௌர்ணமிக் கூட்டத்தில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் டிக் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பரீட்சை ஹாலில் நின்ற கால், சும்மா இருக்குமா?

எல்லோரும் எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருந்தார்கள். சிலர் கீழே ‘மிக அருமை’ என்று வேறு எழுதியிருந்தார்கள். இவர்களில் ஒருவராவது கட்டுரையைப் படித்திருப்பாரா?

தாள்களை அள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். மடத்தின் குரு மங்கையம்மாவுக்கு அன்று சமையல் முறை. வயதில் தாணுவின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான்.

“அம்மா, எல்லாமே நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்க. இதுல எதை நம்புறது?”

“மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி.”

இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியோடு எதிரிலேயே நின்றார் மங்கையம்மா. “நான் வச்ச குழம்பு. எப்படி இருக்கு?”

தாணு ஒரு வாய் வைத்தார். “பிரமாதம் அம்மா.”

“உப்பே போடல அண்ணாச்சி.”

தாணு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“கரண்டியோட எதிர்ல நின்னா யாரு வாயத் திறப்பா? அவங்க எழுந்து போனப்புறம் இலையப் பாக்கணும்.”

அடுத்த பௌர்ணமிக்குக் கேள்வித்தாள் இல்லாமல், பழையபடி நாலு பக்க மடலை மட்டும் கொடுத்தார். கூட்டம் கலைந்து பஸ் ஏறிய பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

சிமெண்டுப் பெஞ்சில் மடலை விரித்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். கட்டுரையின் நட்டநடுவில் பஜ்ஜி எண்ணெய். மடல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அப்போதுதான் கவனித்தார், முக்கால்வாசி மடல்களில் கடைசிப் பக்கத்தின் கீழ்மூலையை மட்டும் பதமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.

அங்கே அவர் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. இடம் மிஞ்சியதால் மூன்று வரி போட்டிருந்தார். ‘ராத்திரி தூக்கம் வராதவர்கள் மடத்து மண்டபத்தில் வந்து உட்காரலாம். இனிமேல் கதவு பூட்டுவதில்லை. வர முடியாதவர்கள் இந்த எண்ணுக்குப் பேசலாம், யாரென்று கேட்கமாட்டோம்.’

மடல்களை மங்கையம்மா முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்.

“என் கட்டுரையில எண்ணெய் துடைச்சிருக்காங்க அம்மா. இடத்த அடைக்கப் போட்ட மூணு வரியப் பத்திரமா எடுத்துட்டுப் போயிருக்காங்க. இத்தன வருசம் கண்ணு முழிச்சு எழுதினது எல்லாம் போச்சு.”

மங்கையம்மா ஒரு மடலை எடுத்து, கிழிந்த ஓரத்தை விரலால் நீவினார்.

“இந்த மூணு வரிய எழுதும்போது யாரை நெனச்சீங்க அண்ணாச்சி?”

“போன மாசம் ஒரு பொண்ணு ராத்திரியில வந்து பூட்டின கேட்டுக்கு வெளியே நின்னுச்சு. நான் சாவிய எடுத்துட்டு ஓடுறதுக்குள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணத்தான்.”

“கட்டுரைய எழுதும்போது?”

வாசகர்களை என்று சொல்ல வாயெடுத்தார் தாணு. மங்கையம்மாவின் முகத்தைப் பார்த்ததும், “என்னையத்தான் அம்மா” என்றார்.