பொன்சட்டை போட்ட இளவரசி

முன்னொரு காலத்தில் மணிவேலி நாட்டைத் திடசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவார், மத்தியானம் அதை மறந்துவிட்டு வேறொன்று போடுவார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பிறகு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊரே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுச் சிரித்தது. குழந்தை மட்டும் அழுதது.

சும்மா அழுகை இல்லை. தர்பாருக்கு வழக்கு சொல்ல வந்தவன், சத்தம் தாங்காமல் தன் வழக்கையே மறந்து வீடு திரும்பினான். பத்து நாளாகத் தூங்காத ராஜா சிம்மாசனத்திலேயே சாமியாடிக்கொண்டிருந்தார்.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் சூட்டும் நாள்வரை பிள்ளைக்குப் பொன்சரிகைச் சட்டைதான் போட வேண்டும். அதன் முடிச்சை அணிமணி அதிகாரி சிங்காரவேளைத் தவிர யாரும் தொடக் கூடாது. குளிப்பாட்டும்போது அவரே வந்து அவிழ்ப்பார், அவரே கட்டுவார். அந்தச் சட்டைமேல் மனுஷருக்கு அப்படியொரு கர்வம். போதாக்குறைக்கு, கழுத்துப் பட்டியில் தன் கைவண்ணமாக இரண்டு சுற்றுச் சரிகையைக் கூட்டியும் வைத்திருந்தார்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலி பூவாயி ஒருநாள் மெல்லச் சொன்னாள். “ஐயா, சட்டை குத்துது போலிருக்குங்க. குளிக்கிற நேரம் மட்டும் பிள்ளை சிரிக்குதுங்க.”

வந்ததே கோபம் சிங்காரவேளுக்கு. நேரே ராஜாவிடம் போனார். “மகாராஜா, செவிலியின் கைராசி சரியில்லை. அவளை அனுப்பிவிட்டால் அழுகை நின்றுவிடும்.”

ராஜா பாதித் தூக்கத்தில் தலையாட்டினார். “சாயங்காலத்துக்குள் அழுகை நிற்காவிட்டால் அவள் எல்லை தாண்டிப் போகட்டும்.”

பாவம், பூவாயிக்குப் புருஷன் இல்லை. கையில் ஆறு மாதப் பிள்ளை வேறு. அரண்மனையை விட்டால் போக்கிடம் கிடையாது. ராணி எடுத்துச் சொன்னதற்கும், ‘வம்ச வழக்கம் தாயே’ என்று அவள் வாயை அடைத்துவிட்டார் சிங்காரவேள். பூவாயி அமைச்சர் ஏகாம்பரத்திடம் ஓடினாள். அவர் ஏழு பிள்ளை பெற்றவர். நாலு வரி கேட்டதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது.

“சட்டை குத்துதுன்னு நீங்க சொன்னா ராஜா நம்புவாருங்களா?” என்றாள் பூவாயி.

“சொன்னால் நம்ப மாட்டார் அம்மா. குத்தினால் நம்புவார்.”

ஏகாம்பரம் தர்பாருக்குப் போய்க் கும்பிட்டார். “மகாராஜா, தங்களுக்கு ஐந்து பாஷை தெரியும். குழந்தை பாஷை மட்டும்தான் பாக்கி. ஒரு நாழிகை நேரம் குழந்தையாக இருந்தால் அதுவும் வந்துவிடும். குழந்தையைப் போலவே பொன்சட்டை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் படுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. எது வேண்டுமானாலும் அழுகைதான்.”

புதிதாக ஏதாவது கிடைத்தால் ராஜா விடமாட்டார். “ஆகட்டும், என் குலதெய்வத்தின்மேல் ஆணை” என்றார்.

சிங்காரவேளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். மத்தியானத்துக்குள் ராஜா அளவுக்கு ஒரு பொன்சட்டை தைத்து வந்துவிட்டார். உள்ளே போட ராஜா மெல்லிய மல் துணி எடுத்தார். “குழந்தைக்கு உள்ளே ஏதும் இல்லையே மகாராஜா” என்று அமைச்சர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ராஜா படுத்தார். முதலில் கழுத்து அரித்தது. அப்புறம் அக்குள். அப்புறம் எங்கே அரிக்கவில்லை என்று கேளுங்கள். “ஙா” என்றார் ராஜா.

“வயிற்று உப்புசம்” என்று வைத்தியர் வசம்பை உரைத்து நாக்கில் தடவினார். ராஜா இன்னும் பெரிதாக அழுதார். “கண்ணேறு” என்று ஜோசியர் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட, சபை முழுக்க இருமியது. தளபதி முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டினார். சிங்காரவேள் மட்டும் பூரித்துப்போய், “அழகு இன்னும் போதவில்லை என்று அழுகிறார்” என்று கழுத்துப் பட்டியை ஒரு சுற்று இறுக்கினார். ராஜாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கொட்டியது. ஆணையிட்ட வாய், பேசவும் முடியவில்லை.

அப்போதுதான் அமைச்சர் பூவாயியைக் கூப்பிட்டார். “இந்தக் குழந்தை எதுக்கு அழுகிறது, பார் அம்மா.”

பூவாயி கிட்டே போய்க் கழுத்துப் பட்டியை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். “பசின்னா கையைச் சப்பும். தூக்கம்னா கண்ணைக் கசக்கும். இது பட்டியைத் தொட்டாலே முதுகை விறைக்குதுங்க. சட்டையைக் கழட்டிடுங்க சாமி.”

கழற்றினார்கள். ராஜாவின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. “அப்பாடா” என்றவர் அடுத்த நொடி எழுந்து, வேட்டி தடுக்கத் தடுக்கத் தொட்டிலுக்கு ஓடினார். தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். அந்தப் பிஞ்சுக் கழுத்திலும் அதே சிவப்புக் கோடு.

“பத்து நாளாக இதைத்தானே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாய்” என்றார் குழந்தையிடம். தொட்டிலோரம் கிடந்த பழைய பருத்தித் துண்டில் குழந்தையைச் சுற்றி மார்போடு அணைத்தார். குழந்தை இரண்டு தரம் விசும்பிவிட்டு, ராஜாவின் மீசையைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.

பின்னாலேயே ஓடிவந்த சபை முன்னால் ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பூவாயிக்கும் அவள் பிள்ளைக்கும் அரண்மனையிலேயே ஒரு வீடு. ராஜாவுக்குத் தைத்த பொன்சட்டை, உள்துணி இல்லாமல், பெயர் சூட்டும் நாள்வரை சிங்காரவேளுக்கு. “குத்தினால் வாய் திறந்து சொல்லாதே, அழு. பூவாயிக்கு இஷ்டமிருந்தால் வந்து பார்ப்பாள்.”

சொல்லி முடிக்கவில்லை, குழந்தை மறுபடியும் சிணுங்கியது. வைத்தியர் வசம்பை எடுத்தார், ஜோசியர் மிளகாயை எடுத்தார், தளபதி கிலுகிலுப்பையை எடுத்தார்.

ராஜா கையமர்த்தினார். “யாரும் சிரமப்பட வேண்டாம். இது எனக்கே புரிகிறது” என்று, நனைந்து சொட்டும் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார்.