மௌன விளையாட்டு

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் சவரிமுத்துவின் அதட்டலுக்கு அவர் வீட்டுக் கோழிகூட நகராது. பிள்ளைகள் எங்கே அடங்குவார்கள்? ஆய்வுக்கு வந்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

“ஐந்து நிமிடம் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் உமக்கு மாற்றல்தான்!”

“இந்தச் சட்டம் அறையிலுள்ள எல்லாருக்கும்தானே ஐயா?”

“எல்லாருக்கும்தான்!”

சவரிமுத்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “பிள்ளைகளா, மௌன விளையாட்டு! முதலில் பேசுகிறவர் தவளை மாதிரித் தாவணும்.”

வகுப்பு கப்சிப் ஆனது. அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தீரா! கண்டிப்பு என்றால்…”

“சார் அவுட்டு!” என்று கூவினாள் முன்வரிசைச் சிறுமி பர்வீன். “தாவுங்க சார்!”

அமைதியைக் கெடுத்தவரே அதிகாரிதான். பிறகு யாரை மாற்றுவது? வேறு வழியின்றி வாசல்வரை தாவிப் போனார். வகுப்பு பழையபடி சந்தைக்கடையானது. முப்பது வருட வேலையில் சவரிமுத்து அடக்கிய ஒரே ஆள் அந்த அதிகாரிதான்.