குறட்டை என்று சொன்னார்கள்

பனி கொட்டும் தேசம் ஒன்றில், செங்கொடி பறந்த காலத்தில், ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம்; அதைச் சொல்லிச் சொல்லியே அந்த ஜனங்களுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. அவர் செத்தது எப்படி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டு அலுத்துப்போய் எனக்கு மிஞ்சியது இதுதான்.

கூப்பிடாமல் யாரும் தன் அறைக் கதவைத் திறக்கக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. மீறிய ஒருவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அன்று வெயில் ஏறியும் அவர் கூப்பிடவில்லை. காவலன் எகோர் கதவையே பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றான். பிறகு பயந்து பயந்து திறந்தான். தலைவர் தரையில் கிடந்தார். பேச்சில்லை, மூச்சு மட்டும் கரகரத்தது.

எகோர் அமைச்சர் ருதினை அழைத்துவந்தான். அவர் எட்டிப் பார்த்தார்.

"குறட்டை விட்டுத் தூங்குறாருப்பா. எழுப்பித் தொலைக்காதே" என்று கதவைச் சாத்தினார். அமைச்சரே சொன்னபின் எகோர் என்ன செய்வான், பாவம்.

ருதின் நேராகச் சிறைக்குப் போனார். அங்கே டாக்டர் கெல்மன் இருந்தார். உடம்பு தாங்காது, ஓய்வெடுங்கள் என்று தலைவரிடமே சொன்னவர். அதைச் சதி என்று சொல்லி அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். வெளியே இருந்த டாக்டர்களோ, தலைவரைப் பற்றி யார் கேட்டாலும் "அவருக்கென்ன, நூறு வயசு இருப்பார்" என்றே சொல்லிப் பழகியவர்கள். உண்மை வேண்டுமென்றால் சிறைக்குத்தான் வரவேண்டும்.

"எனக்கு வேண்டிய ஒருத்தர் விழுந்து கிடக்கிறார், டாக்டர். குறட்டை மாதிரி மூச்சு. கண்ணே திறக்கல" என்றார் ருதின்.

யாரென்று கெல்மனுக்கு உடனே புரிந்தது. அவர் பிழைத்தால் தனக்குச் சாவு. அவர் செத்தால் வீடு, மனைவி ரோசா. அப்படியும் சொன்னார்: "அது தூக்கமில்ல. மூளையில ரத்தம் கசியுது. உடனே வைத்தியம் பாருங்க."

"நாளைக்குப் பார்த்தா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். காப்பாற்ற நினைப்பவன் கேட்கிற கேள்வியா அது?

"நாளைக்குன்னா பிழைக்க மாட்டார்."

ருதின் நன்றி சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போனார். மறுநாள்தான் வைத்தியர்கள் வந்தார்கள். தலைவர் இறந்தார். கொஞ்ச நாளில் கெல்மனுக்கு விடுதலை. வீட்டில் ரோசா சூப் ஊற்றி வைத்தாள். அவர் தொடவில்லை.

சொல்லுங்கள். எகோர் பயந்தான். ருதின் தலைவரைத் தொடக்கூட இல்லை. கெல்மன் பொய்யே பேசவில்லை. இந்த ருதினை மீறித் தலைவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் யார்?

விடை: கெல்மன்தான். எகோர் காலையிலேயே திறந்திருந்தாலும் ருதின்தான் வந்திருப்பார். "நாளைக்கானாலும் பிழைச்சுக்குவார்" என்று கெல்மன் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். எழுந்து உட்காரும் தலைவர் தன்னைத் தரையில் விட்டுப்போனவனைச் சும்மா விடுவாரா? அந்தப் பயத்திலேயே ருதின் வைத்தியர்களைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பார். வெளியே இருந்த எந்த டாக்டரும் அந்தப் பொய்யைத் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். சொல்லாத ஒரே ஆளைத் தேடிப்பிடித்து அடைத்தது தலைவரேதான். கெல்மனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏன் சாப்பிடவில்லை என்று ரோசா கேட்டபோது அவர் சொன்னது இது: "அந்தப் பொய் எனக்குத் தோணாம இல்ல, ரோசா. வாய் வரைக்கும் வந்துச்சு."