வெள்ளிக்கிழமைக் கற்பூரம்

நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் மரகதம். இரண்டே வருஷத்தில் சார்ஜ் போடுவதிலும் கைதேர்ந்துவிட்டாள். டிரைவர்களெல்லாம் அவளைத்தான் தேடி வந்தார்கள். தலைமை மெக்கானிக் சிங்காரவேலுவுக்கு அது பொறுக்குமா? மீசை வைத்த ஆம்பிளை ஆயிற்றே!

பட்டறையில் வெள்ளிதோறும் எந்திரங்களுக்குக் கற்பூரம் காட்டுவது அவன் வேலை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி காதுபட ஆரம்பித்தான்.

"பத்து மணி நேரமா பேட்டரியைத் தாலாட்டிக்கிட்டு இருக்கா! கரண்டைக் கூட்டி ஒரே மணி நேரத்துல ஏத்தட்டும். முடியலேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

"சரிங்கண்ணா, ஃபுல்லா கூட்டி வைக்கிறேன்," என்றாள் மரகதம். "நீங்க பக்கத்துல நின்னு இதுக்கும் கற்பூரம் காட்டிடுங்க."

சிங்காரவேலு இரண்டடி பின்னால் போனான். "பைத்தியமா உனக்கு? அவ்வளவு கரண்டு விட்டா கொதிச்சு கேஸ் கிளம்பும். தீ பட்டா வெடிச்சு மூஞ்சியே போயிடும்!"

"அட, உங்களுக்கும் தெரியுமாண்ணா?"

முதலாளி நிமிர்ந்தார். "தெரிஞ்சேதான் அந்தப் பொண்ணைச் செய்யச் சொன்னியாடா? இனிமே சார்ஜர் பக்கமே நீ போகாதே. மரகதம் சொல்ற நேரம்தான் நேரம்."

அன்றைக்குக் கற்பூரம் ஏற்றவேயில்லை. பட்டறையில் பற்றி எரிந்தது சிங்காரவேலுவின் வயிறு மட்டும்தான்.